5½ அங்குல இரும்புக்கு ஆயிரம் டாலர்! பழைய இழைப்புளிச் சந்தையின் கதை தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு பழைய சாமான் சந்தை. மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்பு இழைப்புளிகள். ஒன்று 14 அங்குலம். கையில் எடுத்தால் கனம் தெரியும், முரட்டுப் பலகையைத் தள்ளித் தள்ளிச் சமன் செய்துவிடும். இன்னொன்று 5½ அங்குலம்தான். பொம்மை மாதிரி! வளர்ந்த மனிதரின் விரல்கள் அதன் பிடிக்குள் ஒழுங்காக நுழையக்கூட இடமில்லை.

பெரியது சில பத்து டாலர். சின்னது? ஆயிரம் டாலருக்கு மேல்!

விலைச்சீட்டு மாறிவிட்டதோ என்று பதற வேண்டாம். இந்தச் சந்தையின் சூத்திரமே அதுதான். தச்சர்கள் விரும்பி வாங்கியது ஊரெல்லாம் கிடைக்கும், அதனால் மலிவு. ‘இது எதற்கப்பா?’ என்று அவர்கள் கடையிலேயே விட்டுவிட்டுப் போனது இன்று அபூர்வம், அதனால் தங்கம்! இந்தச் சூத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். திரும்பிய பக்கமெல்லாம் ஆச்சரியம்தான்.

குட்டிக்கு ஏன் இத்தனை மவுசு, தெரியுமா?

லெனர்ட் பெய்லி என்ற அமெரிக்கர், ஒரு சக்கரத்தைத் திருகியே பிளேடை ஏற்றி இறக்கும்படி இரும்பு இழைப்புளியை வடிவமைத்தார். அதுவரை மர ஆப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் சரிசெய்ய வேண்டும். கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் நிறுவனம் 1869-இல் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கியது. வரிசையாக எண் போட்டு விற்றது. எண் 1 என்றால் 5½ அங்குலம். எண் 8 என்றால் 24 அங்குலம், எடை 4 கிலோவுக்கும் மேல்!

எண் 4, எண் 5 இரண்டும் பட்டறைதோறும் போய்ச் சேர்ந்தன. எண் 1-ஐ யார் வாங்குவார்? 1940-களின் தொடக்கத்தில் உற்பத்தியே நின்றுபோனது. விற்காமல் கிடந்த அந்தக் குட்டிதான் இன்று சேகரிப்பாளர்களின் கனவுப் பொருள். போலிகளும் உலவுகின்றன, ஜாக்கிரதை!

தோற்றவனுக்கே மாலை, தெரியுமா?

1925 வாக்கில் ஸ்டான்லிக்கு ஒரு யோசனை. இரும்பு கனக்கிறது, துருப்பிடிக்கிறது, கீழே விழுந்தால் உடைகிறது. அலுமினியத்தில் வார்த்தால் என்ன? ஏ4, ஏ5, ஏ6 என்ற பெயர்களில் பளபளவென்று வந்தன. தச்சர் ஆசையாக வாங்கி மரத்தில் தள்ளிப் பார்த்தார். வெள்ளை மரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடு! அலுமினியம் தேய்ந்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தே ஆண்டில் கடையிலிருந்து மறைந்தன.

பட்டறையில் படுதோல்வி. சேகரிப்பாளரின் அலமாரியிலோ ராஜ மரியாதை! அதே எண்ணுள்ள இரும்பு இழைப்புளியைவிட இன்று பல மடங்கு விலை.

எண் ஒன்று, உருவம் வேறு, தெரியுமா?

ஸ்டான்லியின் எண் 8 ஒரு பீமன். போட்டி நிறுவனமான மில்லர்ஸ் ஃபால்ஸின் எண் 8 எவ்வளவு தெரியுமா? வெறும் 8 அங்குலம்! மில்லர்ஸ் ஃபால்ஸ்காரர்கள் நீளத்தையே எண்ணாக வைத்தார்கள். அவர்களுடைய எண் 9, ஸ்டான்லியின் எண் 4-க்குச் சமம். 14 என்றால் ஸ்டான்லியின் 5. 22 என்றால் 7.

நியூ ஹேவனின் சார்ஜென்ட் நிறுவனம் இன்னொரு தினுசு. 409 என்றால் 9 அங்குலம், 414 என்றால் 14 அங்குலம். முன்னால் இருக்கும் 4-ஐ மறந்துவிட்டுப் படிக்க வேண்டும்! இந்தக் கணக்கு தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டினால், யானை வாங்கப் போய்ப் பூனையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இரும்பிலேயே பிறந்தநாள் இருக்கிறது, தெரியுமா?

பிளேடைத் தாங்கி நிற்கும் வார்ப்புப் பாகத்துக்கு ஆங்கிலத்தில் ‘தவளை’ என்றே பெயர்! அந்தத் தவளைக்குப் பின்னால், இழைப்புளியின் தளத்தில் உற்றுப் பாருங்கள். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்று தேதிகள் வார்க்கப்பட்டிருந்தால், அந்த ஸ்டான்லி பெரும்பாலும் 1910 முதல் 1918 வரையிலான காலத்தில் பிறந்தது. அவை காப்புரிமை பெற்ற தேதிகள், தயாரித்த தேதிகள் அல்ல. ‘1902-இல் செய்தது, பாருங்கள், தேதியே இருக்கிறதே’ என்று சத்தியம் செய்கிற வியாபாரியிடம் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்!

இன்னொரு துப்பு வேண்டுமா? பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடியில் ஒரு துளை இருக்கும். பழையவற்றில் அது சாவித்துவாரம் போலிருக்கும். 1933 வாக்கில் அது முந்திரிக்கொட்டை வடிவத்துக்கு மாறியது. துளையைப் பார்த்தே வயதைச் சொல்லலாம்!

ரோஜர் ஸ்மித் என்பவர் 1981-இல் வெளியிட்ட பெரிய நூல் ஒன்று இந்தத் துப்பறியும் கலைக்கு வேதம் மாதிரி. ஸ்டான்லியின் பெய்லி இழைப்புளிகளைக் காலவாரியாக 20 வகைகளாகச் சேகரிப்பாளர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வகை எண்கள் தொழிற்சாலையில் யாருக்குமே தெரியாது! செய்தவர்கள் கையிலிருந்த பாகத்தை மாட்டினார்கள், வேலை முடிந்தது. இனம் பிரித்ததெல்லாம் பின்னால் வந்த ரசிகர்கள்.

பிளேடில் ஏன் இதயம், தெரியுமா?

சில பழைய ஸ்டான்லி பிளேடுகளில் இதய வடிவ முத்திரை இருக்கும். காதல் சின்னமா? ‘ஸ்வீட்ஹார்ட்’ என்றே ரசிகர்கள் செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள்! உண்மையில் அது, ஸ்டான்லி வொர்க்ஸ் நிறுவனத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டுக்குச் செய்த மரியாதை. ‘ஹார்ட்’ என்ற குடும்பப் பெயரும் இதயத்துக்கான சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை. அவ்வளவுதான் ரகசியம்! 1920-இல் ரூல் அண்டு லெவல் நிறுவனம் ஸ்டான்லி வொர்க்ஸோடு இணைந்தது. 1920-கள் முழுக்கவும் 1930-களின் நடுப்பகுதி வரையிலும் இந்த முத்திரை ஓடியது. அதைக் கண்டாலே வாங்குபவரின் இதயமும் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், விலையும் கூடும்.

இழைப்புளியும் போருக்குப் போனது, தெரியுமா?

பித்தளையெல்லாம் இரண்டாம் உலகப்போரின் தோட்டாக்களுக்குப் போய்விட்டது. பித்தளையில் இருந்த சக்கரம் கறுப்பு வன்ரப்பருக்கும் எஃகுக்கும் மாறியது. பிரேசில் ஈட்டிமரப் பிடி போய், சாயமோ வர்ணமோ பூசிய சாதாரண மரம் வந்தது. பார்க்க ஏழ்மைக் கோலம்தான். ஆனால் அடி வார்ப்பு வழக்கத்தைவிடத் தடிமன்! அழகு பார்க்கிறவர் ஒதுக்கித் தள்ளுவதையே, கனமான இழைப்புளி கேட்கிற தச்சர் தேடி எடுத்துக்கொண்டு போவார்.

தலை மாறிய கதை தெரியுமா?

வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொன்ன கதைகளில், தலை ஓர் உடம்பிலும் உடம்பு வேறு தலையோடும் ஒட்டிக்கொண்டதே, அந்தக் கூத்து இங்கே தினமும் நடக்கிறது! 1910-இன் உடல், 1930-இன் தவளை, 1950-இன் பிளேடு. மூன்றையும் சேர்த்து மாட்டினால் அருமையாக இழைக்கும். ஆனால் ‘அசல் 1910’ என்ற விலைக்கு விற்றால்? வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பார்க்கும்போதுதான் வேதாளம் மரமேறும்.

உடைந்தாலும் ஆயிரம் பொன், தெரியுமா?

யானைக்குச் சொன்ன பழமொழி இழைப்புளிக்கும் பொருந்தும். ஸ்டான்லி தன் திருகுகளுக்கு ஊரில் யாரும் பயன்படுத்தாத மரைகளை வைத்தது. மூடியைப் பிடிக்கும் திருகு, 9/32 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பிடியைப் பிடிக்கும் கம்பி, 12-ஆம் எண், அங்குலத்துக்கு 20 மரை. இரும்புக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்! பிளேடை ஏற்றி இறக்கும் சக்கரத்துக்கு இடதுமரை வேறு. வழக்கம்போலத் திருகினால் எதிர்ப்பக்கம் போகும்.

ஒரு சின்னத் திருகு தொலைந்தாலும் அதை இன்னொரு பழைய இழைப்புளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் உடலில் விரிசல் விட்டதை மலிவாக வாங்கிப் பிடி, குமிழ், சக்கரம், திருகு, பிளேடு என்று பிரித்து விற்பதே சிலருக்குத் தனித் தொழில்! முழுசாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிடச் சில நேரம் துண்டுகளுக்கே அதிகம் சேரும். அட்டைப்பெட்டியைக்கூட விட்டுவைப்பதில்லை. உள்ளே ஒன்றுமில்லாத அசல் ஸ்டான்லி பெட்டிக்கும் வாடிக்கையாளர் உண்டு!

பானையைப் போலத் தட்டிப் பார்க்கலாம், தெரியுமா?

சட்டிபானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே வித்தை! பாகங்களைக் கழற்றிவிட்டு, வெறும் உடலைத் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பிரும்பு ‘ணங்’ என்று பாடும். விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று இருமும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம், பிளேடு எட்டிப் பார்க்கும் ‘வாய்’. அதன் ஓரத்திலிருந்துதான் விரிசல் பெரும்பாலும் கிளம்பும். பக்கச் சுவரில் பொன்னிறக் கோடு ஓடினால், யாரோ பித்தளையை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

வார்ப்பிரும்பு வளையாது, நேராக உடையும். அதனால் அனுப்பி வைக்கும் விற்பனையாளர் பிளேடையும் மூடியையும் தனியே கழற்றிச் சுற்றி, உடலுக்கு மெத்தை கட்டி அனுப்ப வேண்டும். நூறு வருடம் பட்டறையில் தாங்கியதை ஒரே ஒரு கூரியர் பயணம் முடித்துவிடும்!

பளபளப்பாக்கினால் நஷ்டம், தெரியுமா?

துருவை எடுக்க ஒரு மாயவித்தை உண்டு. வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் இழைப்புளி, நேர்முனையில் வேண்டாத இரும்புத்துண்டு. ராத்திரி மின்சாரம் ஓடவிட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாகக் கையோடு வரும். நேர்முனையில் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மாட்டிவிடாதீர்கள். அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும்! காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும், கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

ஆனால் அபூர்வமான பொருளை இப்படிக் குளிப்பாட்டிவிடக் கூடாது! சேகரிப்பாளருக்கு அந்தக் கருத்த மேனிதான் அதன் ஜாதகம். கம்பிச்சக்கரம் வைத்துக் கண்ணாடிபோல் தேய்த்துக் கொண்டுபோனால், ‘ஐயோ, கெடுத்துவிட்டீர்களே’ என்று விலையைக் குறைப்பார். தச்சர் அதே பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷமாகப் பை திறப்பார். யாருக்கு விற்கப் போகிறோம் என்று தெரியாமல் தேய்க்கத் தொடங்கக் கூடாது.

அரை அங்குலம் ஒரு நூற்றாண்டைச் சொல்லும், தெரியுமா?

இழைப்புளிக்கு வயது ஆயிரமாயிரம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் ரோமானிய இழைப்புளிகள் கிடைத்தன. 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயக் கப்பலை 1982-இல் தூக்கினார்களே, அதன் தச்சர்களுடைய பொருட்களிலும் இழைப்புளி இருந்தது!

சந்தைக்கு வரும் மர இழைப்புளிகளில் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளுடையவை. சட்டத்தின் ஓரத்தில் அலங்கார வளைவு இழைக்கும் ஆங்கிலேய இழைப்புளியைக் கண்டால் அளவுநாடாவை எடுங்கள். 9½ அங்குலம் என்றால் வழக்கமான சரக்கு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நீளம் நிலைபெற்றுவிட்டது. 10 அங்குலத்தைத் தாண்டினால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், 1700-களின் தொடக்கமாக இருக்கலாம்!

முன்முகத்தில் செய்தவர் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயர்களைத் தேடித் தொகுத்து டபிள்யூ. எல். குட்மேன் 1968-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அவை ஒவ்வொரு கையாக மாறியபோது வாங்கிய தச்சர்கள் குத்திய முத்திரைகள். செகண்ட் ஹேண்ட் வியாபாரம் இன்று நேற்று வந்ததல்ல, பாருங்கள்! சாட்சி மரத்திலேயே இருக்கிறது.

தனக்கே தான் சொந்தமில்லாதவரின் முத்திரை, தெரியுமா?

மாசசூசெட்ஸின் ரெந்தம் என்ற ஊரில் ஃபிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் இழைப்புளி செய்தார். இன்று பெயர் தெரிந்த அமெரிக்க இழைப்புளிக்காரர்களில் மிகப் பழையவர் அவர்தான். அவரிடம் அடிமையாக இருந்தவர் சீசர் செலர். 1753-இல் நிக்கல்சன் இறந்தபோது, உயிலின்படி செலருக்கு விடுதலை கிடைத்தது. கூடவே நிலமும் பட்டறை மேசையும் கருவிகளும்! அதன்பின் 1784-இல் இறக்கும்வரை செலர் தன் பெயரையும், தான் ரெந்தமில் வாழ்பவர் என்பதையும் மரத்தில் பொறித்தே இழைப்புளி விற்றார்.

ஒரு காலத்தில் சட்டப்படி அவரையே விலைக்கு விற்றிருக்கலாம். இன்று அவர் பெயர் பொறித்த மரத்துண்டுக்கு ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். கையில் எடுப்பவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையிலும் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவனங்கள் கைதிகளை வைத்து இழைப்புளி செய்தன. அவற்றில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது.

விற்கும் முன் சட்டப்புத்தகம் பார்க்க வேண்டும், தெரியுமா?

மரத்தில் காடி இழைக்கும் இழைப்புளிகளில் ராஜவம்சம் ஒன்று உண்டு. ஓஹையோவின் சாண்டஸ்கி நிறுவனம் கருங்காலியில் உடல் செய்து, நடுவில் சக்கரம் வைத்து, கைகளின் நுனியில் யானைத்தந்தம் பதித்து விற்றது! தந்தம் இருப்பதால் இப்போது தலைவலி. பிரிட்டனில் 2018-இன் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்தைய பொருளாக இருக்க வேண்டும், தந்தம் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதும் பதிவு செய்த பிறகுதான் விற்கலாம்.

பிடியில் இருக்கிறதே பிரேசில் ஈட்டி, நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டிமரத்தின் பங்காளி, அதுவும் 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றில்லாமல் எல்லை தாண்டக் கூடாது. கைப்பிடிக்கும் பாஸ்போர்ட்!

துப்பாக்கிக்காரரும் போட்டிக்கு வருவார், தெரியுமா?

துப்பாக்கிக்குப் பேர்போன வின்செஸ்டர் நிறுவனம் முதல் உலகப்போர் முடிந்ததும் கைக்கருவி விற்பனையிலும் குதித்தது. இன்று ‘வின்செஸ்டர்’ என்று பொறித்த இழைப்புளி ஏலத்துக்கு வந்தால், தச்சருக்கு எதிரே கை தூக்குபவர் துப்பாக்கி சேகரிப்பாளர்! அவருக்கு இழைக்கத் தெரிய வேண்டாம், பெயர் போதும்.

பெயர் மாறினால் தச்சருக்கு லாபமும் உண்டு. ஸ்டான்லியின் உயர்ரகமான ‘பெட்ராக்’ வடிவத்தை ‘கீன் கட்டர்’ என்ற கடைப்பெயரிலும், கே என்ற எழுத்தோடு விற்றார்கள். விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு அது மாறுவேடத்தில் வந்த மகாராஜா! அந்த பெட்ராக் வடிவத்தைத்தான், 1981-இல் மேய்ன் மாநிலத்தில் தொடங்கிய லீ-நீல்சன் நிறுவனம் பின்னாளில் புத்துயிர் கொடுத்து இன்றுவரை செய்கிறது.

மலிவானதே மன்னன், தெரியுமா?

கடைசியில் வருவதுதான் உச்சம்! முறுக்குப் புரியுள்ள மரத்தை இழைத்தால் நார் கிழிந்து எழும்பும். அதைத் தவிர்க்க விலையுயர்ந்த, செங்குத்தான பிளேடுள்ள இழைப்புளி வேண்டும் என்று பலர் நம்பினார்கள். ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கவாயும் காட்டோவும் நுண்ணோக்கி வழியே எடுத்த படம் 2012 வாக்கில் மேற்கத்தியத் தச்சர்களிடையே பரவியது. பிளேடின் மேலே உட்காரும் தகட்டை, பிளேடின் முனையிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளிக்குக் கொண்டுவந்தால், எழும்பும் நாரை அந்தத் தகடே மடக்கி அடக்கிவிடுவது கண்ணெதிரே தெரிந்தது!

அந்தத் தகடு எதில் இருக்கிறது? லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளிய சாதாரண எண் 4-இலும் எண் 5-இலும் தொடக்கம் முதலே இருக்கிறது. பழைய தச்சர்கள் கையால் செய்துவந்த வித்தைதான். நடுவில் நாம்தான் மறந்துபோனோம்.

ஆகவே அடுத்த முறை அப்படியொரு சந்தை மேசைமுன் நின்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த குட்டியை ஆசைதீரப் பாருங்கள், விலை கேட்டு வாய் பிளந்துகொள்ளுங்கள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் இருக்கும் தகரப்பெட்டியைக் கிளறுங்கள். துருவேறிய ஓர் எண் 5 கிடக்கும். தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால், பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்!